உரை அளவையும் மாணவர் அறிவியல் கட்டுரையும்

மாணவர் எழுதும் அறிவியல் கட்டுரையில் மூன்று வகை வாக்கியங்கள் வருகின்றன. எழுதியவர் தாமே பார்த்தும் அளந்தும் அறிந்தவை ஒரு வகை. அப்படி அறிந்ததை வைத்துக் கணக்கிட்டும் ஒப்பிட்டும் பெற்ற முடிவுகள் இரண்டாவது வகை. பிறர் கண்டு எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டவை மூன்றாவது வகை. தமிழ்ச் சைவ சித்தாந்தம் இவற்றைக் காண்டல், கருதல், உரை என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், தன் சமயக் கொள்கையை நிறுவப் புகும் முன்பே அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, எடுத்துக்கொள்கிறது. அளவைகள் பத்து என்பாரும் அதற்கு மேலும் உண்டு என்பாரும் இருக்கிறார்கள் என்று குறித்துவிட்டு, எல்லாவற்றையும் இந்த மூன்றுக்குள் அடக்குகிறது. எதை அறிந்தோம் என்று சொல்லுமுன் எவ்வழியில் அறிந்தோம் என்று சொல்லியாக வேண்டும் என்ற கடமை அந்த வைப்புமுறையிலேயே இருக்கிறது.

அறிவியல் கட்டுரையில் சான்று காட்டுவது அதே கடமைதான். சான்று குறிக்காத ஒரு வாக்கியத்தைப் படிப்பவர், அதை எழுதியவரின் காண்டலாகவோ கருதலாகவோதான் எடுத்துக்கொள்வார். பிறர் கண்டதை அவர் பெயர் சொல்லாமல் எழுதுகிறவர், தாம் அறிந்த வழியைப் பற்றிப் பொய் சொல்கிறார். கருத்துத் திருட்டு என்ற பெயரில் மட்டுமே இதை மாணவர்க்குக் கற்பிப்பதால் இந்தப் பக்கம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. எடுத்த செய்தி முழுக்க உண்மையாக இருக்கலாம்; அதை முதலில் எழுதியவர் மனமுவந்து அனுமதியும் தந்திருக்கலாம். அப்போதும் அறிந்த வழி பற்றிய பொய் பொய்யாகவே நிற்கும்.

இது எவ்வளவு நடைமுறை சார்ந்த விஷயம் என்பதற்குத் தண்ணீர் நல்ல எடுத்துக்காட்டு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கிறது. 10 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார்கள். வற்றாத ஆறு இல்லாமல் கண்மாயையும் ஊருணியையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நம்பி வாழும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தகைய அறிக்கைக்குத் தண்ணீர் இயல்பான பொருள். ஒரு குழு தன் ஊர் ஆழ்குழாய் நீரைச் சோதித்து, லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருப்பதாக அளந்தது என்று வைத்துக்கொள்வோம். அது காண்டல். அடுத்து, குடிநீரில் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று சான்றில்லாமல் ஒரு வரி எழுதி, எனவே இந்த நீர் பாதுகாப்பானது என்று அறிக்கை முடிகிறது. 1.5 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 : 2012 தரப்படி ஏற்கத்தக்க அளவு 1.0தான், வேறு நீராதாரமே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதே கிணறு ஒரு சான்றின்படி தேறுகிறது, மற்றொன்றின்படி மாற்று நீர் தேட வேண்டியதாகிறது. இங்கே சான்று விடுபட்டதனால் முடிவு எதன்மேல் நிற்கிறது என்பதே தெரியாமல் போய்விட்டது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

உரை என்பது அறிவைத் தரும் தனி வழியா, இல்லையா என்ற வழக்கு இந்தியத் தத்துவத்தில் மிகப் பழையது. உலகாயதர் காண்டலை மட்டுமே ஏற்றனர். பௌத்த அளவையியலை வகுத்த திக்நாகர், காண்டல், கருதல் இரண்டே போதும் என்றார். பிறர் சொல்லை நம்புவதும், இவர் நம்பத்தக்கவர், ஆகவே இவர் சொன்னது சரியாக இருக்கும் என்ற கருதலே என்பது அவர் நிலை. மணிமேகலையில் இந்த வழக்கின் இரு தரப்பும் தமிழில் பதிவாகியிருக்கின்றன. சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வைதிகவாதி, வியாசர் பத்து அளவைகளும் கிருதகோடி எட்டும் சைமினி ஆறும் கொண்டதாகச் சொல்கிறான். பின்னர் அறவண அடிகள் பௌத்த நெறியை விளக்கும்போது அளவைகள் இரண்டாகச் சுருங்குகின்றன. நியாய நூலார் இதற்கு உடன்படவில்லை. நம்பத்தக்கவர் வாய்ச்சொல் தனி அளவையே என்று அவர்கள் நிலைநாட்டினர்.

அறிவியலிலும் இதே வழக்கு உண்டு. இலண்டனில் 1660இல் தோன்றிய ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகம், எவர் சொல்லையும் அப்படியே ஏற்பதில்லை என்ற பொருளுடைய இலத்தீன் தொடரைத் தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. ஆனால் 1665இல் அதன் செயலர் வெளியிடத் தொடங்கிய இதழ், தொலைவிலிருந்தவர்கள் தாம் கண்டதாக எழுதி அனுப்பிய கடிதங்களால் நிறைந்திருந்தது. இன்று வெளிவரும் எந்த ஆய்வுக் கட்டுரையும் பிறர் சொல்லை நம்பாமல் ஒரு பக்கம்கூட நகர முடியாது. ஒளியின் வேகத்தை ஒவ்வொரு மாணவரும் அளந்து பார்த்துவிட்டு எழுதுவது நடக்காத காரியம்.

இந்த முரணைச் சான்றுக் குறிப்பு தீர்த்து வைக்கிறது. சமய நூலில் உரை என்பது காண்டலும் கருதலும் எட்டாத பொருளுக்காக வருவது. சித்தாந்தி ஆகமத்தை நாடுவது அதனால்தான். அங்கே உரையைத் திருப்பிக் காண்டலாக்கிக் காட்டு என்று கேட்பது பொருந்தாது. அறிவியலில் உரைக்கு அந்தத் தனியுரிமை கிடையாது. ஒருவர் சொன்னார் என்று எழுதும்போதே, அவர் எங்கே, எப்போது, எந்த முறையில் கண்டார் என்ற இடத்துக்கு வாசகரை அனுப்பியாக வேண்டும். வேண்டியவர் அங்கே போய், அதே சோதனையைத் தாமும் செய்து, உரையைத் தம் காண்டலாக மாற்றிக்கொள்ளலாம். இலட்சியத்தில் அறிவியல் திக்நாகர் பக்கம் நிற்கிறது. அன்றாட நடைமுறையில் நியாய நூலார் பக்கம் நிற்கிறது. இரண்டையும் இணைப்பது கட்டுரையின் அடியில் இருக்கும் அந்தச் சிறு குறிப்பு. அதை வெறும் சடங்காகவோ மரியாதையாகவோ நினைப்பவர்கள் அறிவியலின் அடித்தளத்தையே குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

அடுத்த கேள்வி, யார் நம்பத்தக்கவர் என்பது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதற்கு இரண்டு தகுதிகள் சொல்கிறார்: பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே பிறர்க்குச் சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒன்றே என்றும் அவர் எழுதியிருக்கிறார். குலமும் பட்டமும் பதவியும் கணக்கில் இல்லை. மாணவர் கட்டுரைக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி கடுமையானது. ஒரு சோதனையைச் செய்தவரே அந்தச் சோதனைக்கு நம்பத்தக்கவர். அதைப் பாடநூலில் சுருக்கிச் சொன்னவர், எவ்வளவு பெரிய பேராசிரியரானாலும், அந்தப் பொருளுக்குக் கேட்டவர் மட்டுமே. பாடநூலைப் படித்துவிட்டு மூலக் கட்டுரையைப் படித்ததுபோல் அடிக்குறிப்புப் போடுவது, கேட்டதைக் கண்டதாகச் சொல்வது. மூலம் கைக்கு எட்டாதபோது, இன்னாருடைய முடிவு, இன்ன நூலில் எடுத்தாளப்பட்டபடி என்று இரண்டையும் எழுதுவதே நேர்மை.

இந்தத் தவறு மாணவர்களோடு நின்றுவிடவில்லை. மிக்கெயில் சிம்கின், வாணி ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் வெளியான ஆய்வில், இயற்பியலில் புகழ்பெற்ற 1973ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைப் பிறர் எப்படி மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தனர். ஏறத்தாழ 4300 மேற்கோள்களில் 196இல் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ ஆண்டோ பிழையாக இருந்தது. ஆனால் வேறு வேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே பிழை 78 கட்டுரைகளில் அச்சுப் பிசகாமல் திரும்ப வந்திருந்தது. மூலத்தைத் திறந்து பார்த்திருந்தால் 78 பேரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறியிருக்க முடியாது. பிறர் பட்டியலிலிருந்து நகலெடுத்திருக்கிறார்கள். மேற்கோள் காட்டுவோரில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே மூலத்தைப் படிக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் எந்த ஏடு எந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டுபிடித்ததும் இதே வழியில்தான். பொதுப் பிழை பொது மூலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மூலத்தைச் சொல்லும் பழக்கம் புதுக்கோட்டை மண்ணில் கல்லிலேயே இருக்கிறது. குடுமியான்மலையில் சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றில், மேலைக்கோயில் என்னும் குடைவரைக்கு அருகே, பாறை முகத்தில் இசைக் கல்வெட்டு ஒன்று பரந்து கிடக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகள் அதில் வெட்டப்பட்டுள்ளன. பி.ஆர். பண்டார்கர் இதை எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் (1913–14) பதிப்பித்தார். முடிவில் வரும் குறிப்பு, உருத்திராசாரியரின் மாணவராகிய, சிவனிடம் பெரும்பக்தி கொண்ட ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இவற்றைச் செய்தார் என்கிறது. யாரிடம் கற்றது, யாருக்காக எழுதியது என்ற இரண்டும் அங்கே தெளிவாக இருக்கின்றன. இல்லாதது அரசரின் பெயர். ஆசிரியர் பெயரைச் சொன்ன மாணவர் தம் பெயரைச் சொல்லவில்லை.

அந்தப் பெயரின்மையிலிருந்து நீண்ட குழப்பம் பிறந்தது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே அந்த அரசன் என்பது ஓர் ஊகம். அவன் கலைகளில் வல்லவன், சைவன், எழுத்தமைதி ஏறக்குறைய அவன் காலத்தை ஒத்துவருகிறது என்பவை அதற்கான காரணங்கள். கருதல் என்ற அளவில் அது ஆராயத்தக்க கருத்து. மறுக்கும் அறிஞர்களும் உண்டு. ஆனால் எத்தனையோ நூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும், கல்வெட்டிலேயே மகேந்திரவர்மன் பெயர் பொறித்திருப்பதைப்போல, மகேந்திரவர்மன் வெட்டிய இசைக் கல்வெட்டு என்று ஒரே வரியில் அது முடிந்துபோகிறது. கல்வெட்டு சொல்வது வேறு, கல்வெட்டைப் படித்தவர் கருதியது வேறு. ஒலியியல் பற்றியோ சுர அமைப்பின் கணிதம் பற்றியோ எழுதும் மாணவர் இதை எடுத்தாளும்போது, சுரக் கோவைகளுக்குப் பண்டார்கர் பதிப்பையும், அரசர் யார் என்பதற்கு அந்தக் கருத்தைச் சொன்னவரையும் தனித்தனியே குறிக்க வேண்டும். உருத்திராசாரியர் விஷயத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. பெயர் மட்டும் உண்டு. அவர் செய்த நூல் எது, எந்தப் பகுதி என்ற குறிப்பு இல்லை. அதனால் அவர்மேல் நன்றி தெரிகிறது, அவரிடம் போய்ச் சேரும் வழி தெரியவில்லை. சான்றுக் குறிப்புக்கு இரண்டு வேலைகள்: கடனை ஒப்புக்கொள்வது, வழியைக் காட்டுவது. முதலாவது மட்டும் நடந்தால் அது நன்றியுரை.

நகலை நகல் என்றே சொல்லும் நேர்மைக்குச் சோழநாட்டில் ஓர் அருமையான சான்று உண்டு. உத்தம சோழன் காலத்தில் செம்பியன் மாதேவியார், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டச் செய்தார். படியெடுத்தவற்றில், இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்பும் சேர்ந்தே வெட்டப்பட்டது. அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால், பழைய அரசர்களின் கல்வெட்டுகள் பிற்கால எழுத்தில் இருப்பதைக் கண்டு ஆய்வாளர்கள் அவற்றைப் போலி என்று தள்ளியிருக்கக் கூடும்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் மற்றொரு கோணத்தைக் காட்டுகிறது. அங்குள்ள சமணக் குடைவரை ஓவியங்களை 1920இல் அறிமுகப்படுத்திய பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ரே, அவற்றை மகேந்திரவர்மன் காலத்தவை என்றார். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு கணக்கில் வந்ததும் கருத்து மாறியது. இப்போது காணும் ஓவியங்களை ஒன்பதாம் நூற்றாண்டில் வைப்பதே பெருவழக்கு. பழைய கருத்தைச் சொன்னவர் அன்று கிடைத்ததைக் கொண்டு சொன்னார், அது பிழையன்று. இன்று அதை ஆண்டு குறிக்காமல் எடுத்தெழுதுவதுதான் பிழை. சான்றுக் குறிப்பில் ஆண்டு இடம்பெறுவதன் காரணம் இதுதான். ஓவிய நிறங்களின் வேதியியலை எழுதும் மாணவருக்கு இருநூறு ஆண்டு வேறுபாடு சிறிய விஷயமன்று.

தமிழ் இலக்கண மரபு இதற்கென்றே ஓர் ஒழுங்கு வைத்திருந்தது. நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் வரவேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரோடு வழியையும் சேர்க்கிறது. இந்த நூல் எதன் வழியாக வந்தது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட வேண்டும். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிப்பதும் அதே நோக்கில்தான். முன்னோர் சொன்னதை ஏற்பதும் மறுப்பதும் நூல் செய்யும் உத்திகளாக எண்ணப்பட்டன. இந்த மரபில் ஒரு குறையும் உண்டு. என்ப, மொழிப என்று முன்னோரைப் பன்மையில் குறித்துவிட்டுப் போகும் இடங்களில் எந்த முன்னோர் என்று தெரிவதில்லை. அன்றைய மாணவர் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த ஆசிரியர் மறைந்ததும் வழியும் மறைந்தது. ஆய்வாளர்கள் கூறுகின்றனர், அறிவியல் நிரூபித்துள்ளது என்று இன்றைய மாணவர் எழுதும் வரிகளுக்கும் இதே கதி நேரும்.

சான்று காட்டினால் போதாது. சான்று சொன்னதைச் சரியாகவும் சொல்ல வேண்டும். சிவஞான சித்தியார் பரபக்கம் பதினான்கு புறமதங்களை மறுக்கிறது. ஒவ்வொன்றையும் மறுக்குமுன் அந்த மதத்தார் சொல்வது இது என்று எடுத்துவைத்த பிறகே மறுப்பு தொடங்குகிறது. எதிர்த்தரப்பைத் திரித்துச் சொல்லி வெல்வது வெற்றியாகாது என்பது வாதநெறி. அறிவியல் கட்டுரையில் இந்த நெறி அடிக்கடி மீறப்படுகிறது. எலிகளில் கண்டதை மனிதரில் கண்டதாகவும், தொடர்பு இருக்கலாம் என்றதைக் காரணம் என்றதாகவும் மாற்றி எழுதி, கீழே ஒழுங்காகச் சான்று எண் போட்டுவிடுகிறார்கள். சான்று இல்லாத வரியைவிட இது கேடானது. முன்னதை வாசகர் ஐயப்படுவார், பின்னதை நம்பிவிடுவார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகள் உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கட்டாயம். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும்; 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தர முடியாது; அதற்கும் மேல் என்றால் பதிவே ரத்தாகும். இந்த விதிமுறைகள் வேண்டியவைதாம். ஆனால் மென்பொருள் எண்ணுவது சொற்களை. மேலே சொன்ன ஃபுளோரைடு வரியைச் சொந்த நடையில் எழுதினால் ஒப்புமை பூச்சியமாக வரும். அறிந்த வழி பற்றிய பொய் அப்படியே இருக்கும். ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கிச் சேர்த்தாலும் மென்பொருளிடம் பெரும்பாலும் சிக்காது. மொழிபெயர்த்தவருக்கு மொழிபெயர்ப்பு உரியது; அதில் உள்ள கண்டுபிடிப்பு உரியதன்று. தமிழில் அறிவியல் எழுதும் மாணவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்.

எல்லா வரிக்கும் சான்று தேவையில்லை. ஓமின் விதிக்கோ, கடல்மட்ட அழுத்தத்தில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிப்பதற்கோ குறிப்புப் போடுவது வாசகரின் நேரத்தை வீணாக்குவது. துறைக்குள் வந்த எவரும் அறிந்ததும், ஐயமின்றி ஏற்றதும் பொதுச்சொத்து. ஒருவர் அளந்த எண், ஒருவர் வகுத்த முறை, ஒருவர் வரைந்த படம், விவாதத்தில் இருக்கும் கருத்து ஆகியவற்றுக்குக் குறிப்பு கட்டாயம்.

குறிப்பின் வடிவம் இதழுக்கு இதழ் மாறும். ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, இதழ் அல்லது பதிப்பகம், தொகுதி, பக்கம் என்ற உள்ளடக்கம் மாறுவதில்லை. கே.ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த புதுக்கோட்டை மாநிலக் கையேடு 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வந்தது. புதுக்கோட்டைக் கையேடு என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எல்லாப் பகுதிகளையும் புரட்ட வேண்டியிருக்கும். எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். மறுபதிப்புகளில் முன்னுரைகள் உதிர்கின்றன, திருத்தங்கள் சொல்லாமல் நுழைகின்றன. திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா நூலகம் முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்த்ததன் அருமை, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை வரும்போது விளங்கும். தமிழ்ப் பெயர்களில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. முன்னெழுத்து தந்தை பெயர் அல்லது ஊர். குடும்பப் பெயர் அன்று. மேலைநாட்டு முறைப்படி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் தரவுத்தளங்கள் ஒரே ஆய்வாளரை இரண்டு மூன்று பேராக உடைத்துவிடுகின்றன, தந்தையை ஆசிரியராக்கியும் விடுகின்றன. கட்டுரையில் அச்சாகியுள்ளபடியே முன்னெழுத்தோடு பெயரை எழுதுவதே பாதுகாப்பு.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தரும் விடைகளை மேற்கோளாகக் காட்டலாமா என்ற கேள்விக்கு வாத்ஸ்யாயனரின் இரண்டு தகுதிகளே விடை தருகின்றன. அந்தக் கருவி எதையும் நேராகக் கண்டதில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லும் விருப்பமும் அதற்கு இல்லை. உலகில் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், இதழ், பக்க எண் எல்லாம் கொடுத்துவிடவும் அதனால் முடிகிறது. அது சுட்டும் மூலத்தைத் தேடித் திறந்து படித்தால் அந்த மூலம் சான்றாகலாம், கருவி ஆகாது. மாறாக, நாற்பது ஆண்டுகளாகக் கிணறு தோண்டும் ஒருவர் எத்தனை அடியில் பாறை வரும் என்று சொன்னால், அவர் அந்தத் தகுதி இரண்டும் உடையவர். அவர் இசைவோடு பெயர், ஊர், பேசிய நாள் ஆகியவற்றைக் குறித்து நேர்காணல் என்று அறிக்கையில் சேர்க்க வேண்டும். ஊரார் கூறுவர் என்று எழுதி அவரைப் பெயரற்றவராக்குவது, ஆய்விதழில் எழுதியவரின் பெயரை மறைப்பதற்குச் சற்றும் குறைந்த தவறன்று.

மாணவர் அறிக்கையைத் திருத்தும் வழிகாட்டி ஆசிரியர்கள், முதல் வரைவின் ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் ஒன்றைப் பென்சிலால் எழுதிவரச் சொல்லலாம். காண்டல் என்று எழுதிய இடத்தில் அளந்த நாளும் முறையும் இருக்கின்றனவா, கருதல் என்ற இடத்தில் எதிலிருந்து கருதியது என்று இருக்கிறதா, உரை என்ற இடத்தில் போய்ச் சேரத்தக்க முகவரி இருக்கிறதா என்று பார்க்கலாம். முகவரி இல்லாத உரையைத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையென்றால், அந்த வாக்கியத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.